முன்பாக்கி 14

நடால் அன்றைக்கு ஓடவே இல்லை. 2008 சென்னை ஓப்பன் ஃபைனலைப் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். மிகயில் யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு முன்வரிசைக் குடும்பம் சமோசாவும் காபியும் வாங்கிக்கொண்டு வந்து உட்காரும்போது முதல் செட்டே போயிருந்தது. அந்த வீட்டுப் பையன் ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல நடால் எது?" என்றான். சைபர் இருக்கிற பக்கம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. சமோசாவைக் கையில் கொடுத்தார்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முந்தின ராத்திரி செமிஃபைனலில் எதிரில் கார்லோஸ் மோயா. இரண்டு பேரும் மயோர்க்கா தீவுக்காரர்கள், சின்ன வயதிலிருந்து நடாலுக்கு மோயா அண்ணன் மாதிரி. 6-7, 7-6, 7-6. கிட்டத்தட்ட நாலு மணி நேரம். மோயாவுக்கு நான்கு மேட்ச் பாயிண்ட் வந்து நான்கும் கை நழுவின. 2004, 2005 இரண்டு வருடமும் இங்கே கப் வாங்கியவர் என்பதால் மோயாவுக்கும் இந்த ஊரில் பாத்தியதை உண்டு; கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. அந்த ராத்திரி நடாலின் கால்களில் இருந்ததெல்லாம் செலவாகிவிட்டது. மறுநாளுக்கு மிச்சமில்லை.

அப்போது அவர் உலகத்தில் இரண்டாவது இடம். 2005 ஏப்ரலில் முதல் பத்துக்குள் நுழைந்தவர், 2023 மார்ச்சில்தான் வெளியே வந்தார். நடுவில் முழங்கால், பாதம், மணிக்கட்டு, வயிற்றுத் தசை என்று எத்தனையோ கோளாறு. இருந்தும் 912 வாரம் தொடர்ந்து பத்துக்குள்ளேயே. நான் பார்த்த அந்த 6-0, 6-1 ஞாயிற்றுக்கிழமையும் அந்த 912க்குள் அடக்கம். நீண்ட கணக்குகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஏனோ அந்த ஞாயிறுதான் முதலில் வந்து நிற்கிறது.

கணக்குப் பைத்தியம் பெரியப்பாவிடமிருந்து வந்தது. ஏஜிஎஸ் ஆபீஸில் காலம் முழுக்க அடுத்தவர் கணக்கைத் தணிக்கை பண்ணிவிட்டு ரிடையர் ஆனவர். அசோக் நகரில், அசோகத் தூணிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், முதல் மாடியில் குடித்தனம். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். பால் பாக்கெட் கூடக் குறைய வாங்கினால் பெரியம்மா அதில் பென்சிலால் கோடு போடுவாள். அதே காலண்டரின் அடியில், கேஸ் சிலிண்டர் பதிந்த தேதிக்குப் பக்கத்தில், நீல மசியில் பெரியப்பாவின் கோடுகள் இருக்கும். அவை ரோஜர் ஃபெடரருக்கு. கிராண்ட் ஸ்லாமில் கால் இறுதிக்கு வந்தால் ஒரு கோடு. கப் வாங்கினாலும் ஒரே கோடுதான், கூடுதல் மரியாதை கிடையாது. ஐந்தாவது கோடு குறுக்கே போகும். டிசம்பர் கடைசியில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த புதுக் காலண்டரை மாட்டினதும் முதல் வேலையாக ஜனவரித் தாளின் மூலையில் எழுதுவார்: "ஃபெ. முன்பாக்கி 6". அடுத்த வருடம், "முன்பாக்கி 10". ஆபீஸ் பழக்கம்.

கப்பை எண்ணாமல் கால் இறுதியை எண்ணுகிறாரே என்று எல்லாருக்கும் சிரிப்பு. நான் ஒரு தடவை நேராகவே கேட்டேன்.

"கப்புங்கறது ஒருநாள் கூத்துடா. கால் இறுதி வரணும்னா நாலு பேரைத் தாண்டி வரணும். அந்த நாலுல ஒருநாளாவது உடம்பு சரியில்லாம இருக்கும். அன்னிக்கு என்ன பண்ணினான்னு பாரு."

2008 ஜனவரிக் காலண்டரில் முன்பாக்கி 14. 2004 விம்பிள்டனில் தொடங்கிய கணக்கு. அதற்கு முன்னால் பாரிஸில் குயெர்ட்டனிடம் மூன்றாவது சுற்றில் தோற்றிருந்தார் ஃபெடரர். அதன் பிறகு எங்கே போனாலும் கால் இறுதி, அதுவும் போதாது என்று அரை இறுதி. நுங்கம்பாக்கத்தில் நடால் சைபர் வாங்கிய இரண்டாவது வாரம், மெல்போர்னில் மூன்றாவது சுற்று. எதிரில் யாங்கோ டிப்சாரெவிச், கண்ணாடி போட்ட செர்பியர். ஐந்தாவது செட் 10-8 வரை போனது. ஃபெடரர் தப்பித்தார். அந்தச் சமயம் அவருக்கு சுரப்பிக் காய்ச்சல் இருந்தது பிற்பாடுதான் வெளியே வந்தது. டிப்சாரெவிச்சுக்கு அந்த ஐந்தாவது செட்டில் இரண்டு பந்து சாதகமாக விழுந்திருந்தால் கணக்கு 14லேயே முடிந்து, காலண்டர் மூலை பெரியம்மாவின் பாலுக்கே திரும்பியிருக்கும்.

நான் கேட்கிற காலத்திலேயே பெரியப்பாவுக்கு இன்னொரு அளவுகோல் இருந்தது: ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்து, அப்பா டி.கே. ராமநாதனிடமே கற்றுக்கொண்டு, 1954ல் விம்பிள்டன் பையன்கள் பட்டத்தை வாங்கிய முதல் ஆசியர். லயோலா கல்லூரிப் பையன். 1960ல் விம்பிள்டன் அரை இறுதி. 1961ல் மறுபடியும் அரை இறுதி. முதல் தடவை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோல்வி. இரண்டு வருடமும் அவரைத் தோற்கடித்தவரே கப்பையும் வாங்கினார். '61 கால் இறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று அனுப்பி வைத்தார். எமர்சன் சாதாரண ஆளில்லை, கடைசியில் 12 கிராண்ட் ஸ்லாம் வாங்கினவர். கிருஷ்ணனின் சர்வீஸை யாரும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை. பலமே இல்லாத சர்வீஸோடு புல்தரையில், சர்வ் போட்டு நெட்டுக்கு ஓடுவதே ஆட்டம் என்றிருந்த காலத்தில், பந்தை வைக்கிற இடத்தை மட்டும் நம்பி அத்தனை தூரம் போனார். பெரியப்பா இதைச் சொல்லும்போது வலது கையை லேசாக, பரிசேஷனம் பண்ணுகிற மாதிரி, ஒரு சுழற்று சுழற்றுவார். அவர் ராக்கெட்டையே பிடித்ததில்லை.

1962ல் மூன்றாவது அரை இறுதி நிச்சயம் என்று இங்கே எல்லாரும் இருந்தார்கள். நான்காவது தரவரிசை கொடுத்திருந்தார்கள். கணுக்கால் போய்விட்டது, பாதியில் விலகினார். பெரியப்பாவின் அகராதியில் அது தோல்வியில்லை. "தள்ளுபடி" என்பார்.

அந்தக் காலத்தில் எட்டுப் பேருக்குத்தான் தரவரிசை கொடுப்பார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மற்ற 120 பேரும் குலுக்கலில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். முதல் சுற்றிலேயே உலகத்தின் ஒன்பதாவது ஆள் எதிரே வந்து நிற்கலாம். 2001லிருந்து 32 பேருக்குத் தரவரிசை. அதனால் மேலே இருப்பவருக்கு முதல் இரண்டு சுற்றில் பெரிய கை எதுவும் வராது. அதே வருடம் விம்பிள்டனில் புல்லையும் மாற்றினார்கள். முழுக்க ரை வகைப் புல், தரை கெட்டி, பந்து எழும்பி வரும். பாலியெஸ்டர் நரம்பு வந்து எல்லாரும் பின்னாலிருந்தே சுழற்றி அடிக்க ஆரம்பித்தார்கள். முன்பு புல்லுக்கு ஒரு ஆட்டக்காரன், செம்மண்ணுக்கு ஒரு ஆட்டக்காரன் என்று தனித்தனி ஜாதி. இப்போது ஒரே ஆட்டத்தை வைத்துக்கொண்டு நாலு ஊரிலும் சமாளிக்கலாம். ஃபெடரரின் 23 தொடர் அரை இறுதி, அதற்கு முன்பு லேவரும் லெண்டிலும் பங்குபோட்டிருந்த 10ஐ இரண்டு மடங்குக்கும் மேல் தாண்டியதில் இதற்கும் பங்கு உண்டு. இதைச் சொன்னால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். "அப்போ ரோட் நல்லா போட்டதாலதான் பஸ் ஓடுதுன்னு சொல்றியா? டிரைவர் வேண்டாமா?"

டிரைவர் வேண்டும்தான். 2009 பாரிஸ். நடால் அங்கே முதல்முறையாகத் தோற்றதற்கு மறுநாள், ஃபெடரர் டாமி ஹாஸிடம் இரண்டு செட் இழந்து, மூன்றாவதில் 3-4, பிரேக் பாயிண்ட். அது போயிருந்தால் ஹாஸ் அடுத்த கேமில் சர்வ் போட்டு மேட்சை முடித்திருப்பார். ஃபெடரர் பேக்ஹேண்ட் பக்கம் வந்த பந்தைச் சுற்றிக்கொண்டு போய் ஃபோர்ஹேண்டில் குறுக்கே கோடருகே வீசினார். அந்த ஒரு அடிக்குப் பிறகு ஹாஸுக்கு ஒரே ஒரு செட்டில்கூட வாய்ப்பு வரவில்லை: 6-4, 6-0, 6-2. அந்த வாரக் கடைசியில், அவ்வளவு நாள் கிடைக்காதிருந்த பிரெஞ்சு ஓப்பன் கப் கிடைத்தது. 2010 விம்பிள்டன் முதல் நாள், முதல் சுற்று. கொலம்பியாவின் அலஹாந்த்ரோ ஃபாயா இரண்டு செட் முன்னிலை, நான்காவது செட்டில் 5-4 என்று மேட்சுக்கே சர்வ் போட்டார். நம்ம ஊரில் சாயங்கால டிபன் நேரம். ஃபெடரர் அன்றைக்கு மகா மோசமாக ஆடினார். பந்து ஃபிரேமில் பட்டு எங்கெங்கோ பறந்தது. எப்படியோ அந்த கேமைப் பிடுங்கி, டைபிரேக்கை 7-1 என்று எடுத்து, கடைசி செட் 6-0. 2012ல் பெனெட்டோவிடம் மறுபடி இரண்டு செட் பின்தங்கி, இரண்டு பாயிண்ட்டில் தப்பித்து, கடைசியில் விம்பிள்டன் கப்பே வாங்கினார்.

மார்கழியில் மயிலாப்பூர், தி. நகர் சபாக்களைச் சுற்றியவர்களுக்கு இந்த மாதிரி நாள்கள் பழக்கம். பெரிய வித்வானுக்கும் சீசனில் ஒருநாள் தொண்டை கட்டிவிடும். மேல் ஸ்தாயி கிடையாது, பிருகா பேசாது. அன்றைக்கு அவர் ராகத்தைச் சுருக்கி, மத்திம காலக் கிருதிகளாக அடுக்கி, தனி ஆவர்த்தனத்தைக் கொஞ்சம் நீளவிட்டு, மங்களம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். முன்வரிசை ரசிகர்களில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியதே தெரியாது. சென்னை ஓப்பனும் ஜனவரி முதல் வாரத்தில், கச்சேரிகள் ஓய்கிற சமயமாகப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பெரியப்பா டிசம்பர் முழுக்க சபா, பிறகு டென்னிஸ், பிறகு பொங்கல் என்று இருந்தார்.

நுங்கம்பாக்கம் போவது ஒரு சுற்றுலா மாதிரி. வடபழனி, ஆற்காடு ரோடு, கோடம்பாக்கம் பாலம், வள்ளுவர் கோட்டம், இறங்கி நடை. 1995 தெற்காசியப் போட்டிகளை ஒட்டி வந்த ஸ்டேடியம். 1997லிருந்து 2017 வரை வருடம் தவறாமல் ஏடிபி போட்டி அங்கே நடந்தது. 21 வருடம், இதுவும் ஒரு தொடர்தான். பேட்ரிக் ராஃப்டர் வந்தார், பாராடோர்ன் வந்தார், சிலிச் இரண்டு வருடம் அடுத்தடுத்து ஜெயித்தார். ஃபெடரர் மட்டும் வந்து ஆடவே இல்லை. 2006 டிசம்பரில் யூனிசெஃப் தூதராகக் கடலூர்ப் பக்கம் சுனாமி பாதித்த கிராமங்களைப் பார்க்க வந்துவிட்டுப் போனார். பெரியப்பா பேப்பரில் அந்தப் போட்டோவைப் பார்த்து, "இவ்வளவு தூரம் வந்துட்டு இன்னும் ரெண்டு வாரம் தங்கினா என்னவாம்?" என்று அங்கலாய்த்தார்.

அவருக்குப் பதிலாக அவர் நாட்டுக்காரர் ஸ்டான் வாவ்ரிங்கா வந்துகொண்டே இருந்தார். 2010 ஃபைனலில் தோல்வி, 2011ல் கப், பிறகு 2014, 2015, 2016 மூன்று வருடமும் கப். அந்த மூன்று வருடம் இந்த ஊர் மண்ணில் அவரை யாருமே தோற்கடிக்கவில்லை. 2014ல் இங்கிருந்து நேரே மெல்போர்ன் போய் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வாங்கினார். ஆனால் வாவ்ரிங்காவைத் தொடர்ச்சிக்கு உதாரணமாக உலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தக் கிராண்ட் ஸ்லாமிலும் முதல் சுற்றில் தோற்கக்கூடியவர், எந்தக் கிராண்ட் ஸ்லாமையும் வாங்கக்கூடியவர். நுங்கம்பாக்கத்தில் மட்டும் கடிகாரம்.

இரட்டையர் ஆட்டத்தைப் பெரியப்பா காலண்டரில் ஏற்றவில்லை. ஏற்றியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி. ஒருவர் கல்கத்தாவில் பிறந்து பன்னிரண்டு வயதில் மெட்ராஸுக்கு அமிர்தராஜ் குடும்பத்தின் பிஏடி பயிற்சிக்கு வந்தவர். இன்னொருவர் மெட்ராஸில் பிறந்தவர். 1999ல் நாலு கிராண்ட் ஸ்லாம் ஃபைனலுக்கும் போய் இரண்டை வாங்கி, உலக ரேங்கில் முதலிடத்து ஜோடி ஆனார்கள். பிறகு முறிந்தது. பேச்சு வார்த்தை இல்லை, ஆளுக்கொரு கூட்டாளி, பேட்டிகளில் குத்தல். ஆனால் டேவிஸ் கோப்பை என்றால் கோர்ட்டில் ஒன்றாக இறங்குவார்கள், ஜெயிப்பார்கள், தனித்தனியாக வெளியேறுவார்கள். அப்படியே 24 டேவிஸ் கோப்பை இரட்டையர் ஆட்டம் தொடர்ந்து. அந்தக் கோப்பையின் சரித்திரத்தில் வேறு எந்த ஜோடிக்கும் இத்தனை இல்லை.

அதில் ஒன்றைப் பார்க்க எனக்குக் கிடைத்தது. 2010 செப்டம்பர், பிரேசில் வந்திருந்தது. முதல் நாள் இரண்டு ஒற்றையரும் போய் 0-2. சனிக்கிழமை இரட்டையர் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எதிரில் மார்செலோ மெலோ, புரூனோ சோவாரஸ். அன்றைக்கு நான் பந்தைவிட அவர்கள் இரண்டு பேரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் முன்னால் பயஸ் வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு ஏதோ சொல்வார்; பூபதி தலையை ஆட்டுவார்; பார்வை எதிராளியின் மேலேயே இருக்கும். வீட்டில் மனஸ்தாபம் இருக்கிற புருஷன் பெண்டாட்டி கல்யாண வீட்டில் வரவேற்பில் நிற்பார்களே, அதுகூட இல்லை, அதில் ஒரு நடிப்பு இருக்கும். இங்கே நடிப்பே இல்லை, வேலை மட்டும் நடந்தது. மறுநாள் வெயிலில் பெலுச்சி துவண்டு பாதியில் விலக, சோம்தேவ் தேவ்வர்மனுக்கு வெற்றி. கடைசி ஆட்டத்தை ரோஹன் போபண்ணா முடித்தார். 3-2.

0-2லிருந்து மீண்டதைக் கேட்ட பெரியப்பா 1966க்குப் போய்விட்டார். கல்கத்தா சவுத் கிளப், அதுவும் பிரேசில்தான். 2-2 என்ற நிலையில் கிருஷ்ணனும் தொமாஸ் கோச்சும். இருட்டிவிட்டதால் ஆட்டத்தை நிறுத்தி மறுநாளைக்குத் தள்ளினார்கள். நாலாவது செட்டில் கோச் 5-2. அங்கிருந்து கிருஷ்ணன் 7-5, 6-2 என்று எடுத்து இந்தியாவை முதல்முறையாக சேலஞ்ச் ரவுண்டுக்குக் கொண்டுபோனார். பெரியப்பா டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டாராம். 5-2 ஆனதும் பக்கத்து சீட்டுக்காரர் பேட்டரி வீணாகிறது என்று அணைக்கச் சொன்னாராம். இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பேட்டரி மட்டும் வராமல் இருக்காது.

2013 ஜனவரியில் டிப்சாரெவிச் இங்கே கப் வாங்கினார். முந்தின வருடம் ஃபைனலில் ராவோனிச்சிடம் தோற்றவர், விடாமல் மறுபடி வந்து பாட்டிஸ்டா அகுத்தைத் தோற்கடித்தார். நூறடி ரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்த சமயம். உதயம் தியேட்டர் பக்கம் புழுதி அடங்காமல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "14ல நிறுத்தப் பார்த்தவன்தானே?" ஐந்து வருடத்துக்கு முந்திய மூன்றாவது சுற்று. காலண்டர் மூலையில் அப்போது முன்பாக்கி 34.

அது 36 ஆனது, அதற்கு மேல் ஆகவில்லை. ஜூன் 26 ராத்திரி, விம்பிள்டன் இரண்டாவது சுற்று, உக்ரைனின் செர்ஹி ஸ்டகோவ்ஸ்கி, ரேங்க் 116. 32 தரவரிசையும் புதுப் புல்லும் எதற்கும் உதவவில்லை. அவர் பழைய காலத்து ஆட்டம் ஆடினார்: சர்வ் போட்டார், நெட்டுக்கு ஓடினார், திரும்பத் திரும்ப ஓடினார். 6-7, 7-6, 7-5, 7-6. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் போன் பண்ணலாமா வேண்டாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். காலையில் போனபோது பெரியப்பா ஹிண்டுவின் கடைசிப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி நான் நின்றேன்.

"ஜோகோவிச் எதுல இருக்கான்?" என்றார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். 2009 விம்பிள்டனிலிருந்து 16.

"சரி, அதை எழுது." பேனாவை என்னிடம் கொடுத்தார்.

அந்தக் கணக்கு 28ல், 2016 விம்பிள்டன் மூன்றாவது சுற்றில், மழைக்காக இரண்டு நாள் இழுத்த ஒரு ஆட்டத்தில் சாம் குவெர்ரியிடம் முடிந்தது. மறு வருடம் சென்னை ஓப்பனும் முடிந்தது. பூனாவுக்குக் கொண்டுபோனார்கள், சில வருடத்தில் அங்கேயும் நின்றுவிட்டது. 2022ல் நுங்கம்பாக்கத்தில் பெண்கள் போட்டி ஒன்று நடந்தது. பெரியப்பாவுக்கு அதற்குள் படி இறங்க முடியாமல் போய்விட்டதால் டிவியில்தான் பார்த்தார்.

இப்போது அவர் கட்சி மாறிவிட்டார். ஃபெலிசியானோ லோபஸ்தான் பெரிய ஆள் என்கிறார். ஸ்பெயினின் இடதுகைக்காரர். 2002 பிரெஞ்சு ஓப்பனிலிருந்து 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் வரை ஒரு கிராண்ட் ஸ்லாம்கூட விடாமல், தொடர்ந்து 79 ஆடியவர். அதில் ஒரே ஒரு அரை இறுதிகூடக் கிடையாது.

"அதெப்படி பெரியப்பா? நீங்கதானே சொன்னீங்க, மோசமான நாள்ல என்ன பண்ணினான்னு பாருன்னு? இவர் மோசமான நாள்ல தோத்துட்டுப் போயிட்டாரே."

"தோத்துட்டு அடுத்ததுக்கு வந்தானா இல்லையா?"

"வர்றது பெரிய விஷயமா? ரேங்க் இருந்தா யாரும் வரலாம்."

"ரேங்க் என்ன ரேஷன் கடைலயா குடுக்கறாங்க? இருபது வருஷம் நூறுக்குள்ள நிக்கணும்டா. 79 தடவை ஒரு சுளுக்கு, ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம் குறுக்க வராம இருக்கணும்."

ஃபெடரரே 65க்கு மேல் தொடர்ந்து ஆட முடியவில்லை, முதுகும் முழங்காலும் நிறுத்திவிட்டன என்று அடுத்ததாக எடுத்து விடுவார். அது உண்மைதான். ஆனால் ஃபாயாவுக்கு எதிராக 5-4ல் அந்த கேமைப் பிடுங்கியதும், 79 தடவை பெட்டி கட்டிக்கொண்டு போனதும் ஒரே வரிசையில் உட்காருமா? நான் ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரமும் இதே சண்டைதான், பெரியம்மா வந்து டிவியை சீரியலுக்கு மாற்றுகிறவரைக்கும்.